புதுச்சேரி 'மேரி' கட்டடம்: பெயரும் கதையும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில 'மேரி கட்டடம்'னு ஒண்ணு இருக்கு. பேரைக் கேட்டதும் யாரோ ஒரு மேரி அம்மா கட்டினது, இல்லேன்னா மாதா கோயிலைச் சேர்ந்ததுன்னு நம்ம பக்கத்து ஆட்கள் பலர் நினைச்சுக்கிறாங்க. ரெண்டும் இல்லை. பிரெஞ்சு மொழியில் மேர் என்றால் மேயர். மேரி என்றால் மேயர் அலுவலகம், அதாவது நகர மன்றம்.

கட்டடம் எழுந்தது 1870-71இல். ஆனால் பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாகப் பிரித்து நகராட்சி முறையைக் கொண்டுவந்த ஆணை 1880இல்தான் வந்தது. பிரெஞ்சு வழக்கப்படி பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவெல்லாம் மேயர் பொறுப்பு. நமக்குத் தாலுகா ஆபீஸ் எப்படியோ, பாண்டிக்காரங்களுக்கு மேரி அப்படி.

இனி கட்டுமானம். தூண் வரிசை, வளைவு வைத்த சன்னல்கள், வெள்ளைப் பூச்சு என்று வெளித்தோற்றம் ஐரோப்பிய பாணி. உள்ளே இருக்கும் சரக்கு நம்மூருதுதான்: செங்கல், சுண்ணாம்புக் காரை, மர உத்தரம். அந்தக் காலத்து மட்டப்பா, அதாவது மெட்ராஸ் டெரஸ், எப்படிப் போடுவாங்க? மர உத்தரங்கள் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிக் காரையைக் கொட்டி இடித்து, கடைசியா தட்டோடு பதிப்பாங்க. வெயிலுக்கு அருமையான கூரை. ஆனா தட்டோடு விரிசல் விட்டால் தண்ணி மெல்ல இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனையை இற்றுப்போக வைக்கும். வெளியே பார்த்தா எதுவும் தெரியாது. கூடவே சுவரில் ஒரு அரசங்கன்று வேர் விட்டால் கேட்கவே வேண்டாம்.

பராமரிப்பில்லாமல் நின்ற மேரி, 2014 நவம்பர் 29 அன்று, கனமழைக்கு நடுவே இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில், சுமார் 15 கோடி ரூபாய் செலவில், அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இப்போ நாம பார்ப்பது புதுக் கட்டடம். முகம் பழசு, உடம்பு புதுசு.

ஸ்ரீவில்லிபுத்தூர் திருமலை நாயக்கர் மகாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அது தொல்லியல் துறையின் கையில் இருக்கு. ராஜபாளையம் தெருக்களில் இருக்கும் பழைய காரை வீடுகளுக்கு அந்தக் காவல் கிடையாது. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி மொட்டைமாடி ஏறி, தட்டோடு விரிசலை அடைச்சு, முளைச்ச செடியைப் பிடுங்கினால் போதும். செலவு சில ஆயிரத்தோட முடிஞ்சுடும். அதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்ங்கிறதுக்குத்தான் மேரி சாட்சி.