கைராசியும் கேட்கும் செவியும்

பசறை, லுணுகலை, நமுனுகுலை, மடுல்சீமை என்று பதுளையைச் சுற்றிய மலைகளில் வாழும் தோட்டத்து மக்கள், லயத்து வாசலில் அமர்ந்து வைத்தியர்களை எடைபோடும்போது, அவர் எங்கே படித்தார், என்ன பட்டம் பெற்றார் என்ற விசாரணைக்கெல்லாம் இடங்கொடாமல், ‘அந்த ஐயா கைராசிக்காரரு, பேசினாலே பாதிச் சீக்குப் போயிரும்’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். படித்தவர்கள் இதனை மூடநம்பிக்கையென்று நகைப்பதுண்டு. அவ்வளவு அவசரமாக நகைத்துவிட வேண்டாம்.

டெட் கப்சுக் என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடத்தி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தீராத வயிற்றுவலியோடு கூடிய குடல் நோயால் வருந்திய 262 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்குச் சிகிச்சையே இல்லை. இரண்டாம் பிரிவினருக்குத் தோலைத் துளைக்காத போலி அக்குபங்சர் ஊசி, அதிகப் பேச்சில்லாமல். மூன்றாம் பிரிவினருக்கு அதே போலி ஊசி, ஆனால் பரிவும் நிதானமும் மிக்க நீண்ட உரையாடலோடு. மூன்று வாரங்களில் போதிய நிவாரணம் கண்டதாகச் சொன்னவர்கள் முறையே நூற்றுக்கு 28, 44, 62 பேர். 44க்கும் 62க்கும் உள்ள வித்தியாசம், மருந்தென்று ஒன்றுமே இல்லாதபோதும் வைத்தியரின் சிரத்தை மட்டும் செய்த வேலை.

ஆயினும் அன்பினால் வலி தணியலாமே தவிர இரத்தம் ஊறாது. ஆதலால் கைராசியின் பெரும் பங்கு வேறிடத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். ‘மல ஏறினா மூச்சு வாங்குது, கை கால் ஓஞ்சு போகுது’ என்று, அரைநாட் கூலியான அரைப் பேரோடு கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து நிற்கும் ஒருத்திக்கு, இரத்தசோகையென்று இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்ப அரை நிமிஷம் போதும். சிரத்தையுள்ள வைத்தியரோ, மாதவிலக்கு எப்படி, மலைக்கும் கொல்லைக்கும் வெறுங்காலோடு போகிறாயா, காலையில் ரொட்டியோடு என்னம்மா குடிக்கிறாய் என்று கேட்கிறார். தேத்தண்ணி என்கிறாள். தேயிலையிலுள்ள பாலிபீனால்கள், தாவர உணவிலுள்ள இரும்பைக் குடலிலேயே பிணைத்து, இரத்தத்திற் சேரும் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடக்கூடியவை. மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதற்கும் பெருமளவில் அதே கதிதான். உணவுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணி நேரம் விடு என்பது காசில்லாத வைத்தியம். வெறுங்கால் பற்றிய கேள்வியும் வீணன்று: கொக்கிப்புழுவின் இளம் பருவம் ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து ஏறுகிறது, குடலில் ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தமே வீணாக்கினாலும், நூற்றுக்கணக்கில் குடியேறினால் உடல் வெளிறிப்போகும். இலங்கைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் 1916இல் இயக்கமொன்று தொடங்கியதும் இப்புழுவை எதிர்த்தே.

பிரிட்டனில் ஹாம்ப்டன் என்ற வைத்தியர் 1975இல் 80 புதிய நோயாளிகளை ஆராய்ந்தபோது, 66 பேருடைய நோயை, அவர்களை அனுப்பிய வைத்தியரின் கடிதத்தையும் அவர்கள் சொன்ன வரலாற்றையும் கொண்டே சரியாக அறிய முடிந்தது. கேள்வியும் பதிலுமே பிரதான பரிசோதனை என்றால், நோயாளி தன் பாஷையிற் பேசும் வசதி அப்பரிசோதனையின் கருவியாகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தது இதனை உணர்ந்துதான் போலும். பதுளையைச் சூழ்ந்த இந்த ஊவா மலைகளில் வைத்தியர் பேசுவது சிங்களமும் நோயாளி பேசுவது தமிழுமாக இருக்கையில், இடையில் யாரோ ஒருவர் சுருக்கிச் சொல்லும் நாலு வார்த்தையில், ரொட்டியும் தேத்தண்ணியும் உதிர்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

வெளிநோயாளர் வரிசை வாசல் தாண்டி நீள்கையில் கேட்டுக்கொண்டிருக்க நேரமேது என்பது நியாயமான ஆட்சேபம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து வைத்தியர்கள் இதனையும் அளந்து 2002இல் வெளியிட்டனர். இடைமறிக்காமல் விட்டால் நோயாளி சராசரியாக 92 வினாடிகள் பேசினார். 335 பேரில் ஐந்து நிமிஷத்தைத் தாண்டியவர்கள் எழுவரே. அவர்களும் அவசியமானதையே சொன்னார்கள் என்று கேட்ட வைத்தியர்கள் கருதினார்கள்.