சக்கரமும் சூளையும் – 7: பானையில் ஏறாத பெயர்

திருச்சி புத்தூர் நால்ரோட்டிலிருந்து உறையூர் கூப்பிடு தூரம்தான். முற்காலச் சோழர்களின் தலைநகரான அந்த ஊரில் 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் வந்தன, ரோமானிய வணிகத்தோடு வந்து சேர்ந்த கலங்களின் துண்டுகள் வந்தன, தமிழி எழுத்து கீறிய சில்லுகளும் வந்தன. தமிழகத்தில் பானையோட்டில் பெயர் கிடைக்கும்போதெல்லாம், பெரும்பாலும் பானைக்குச் சொந்தக்காரரின் பெயர் என்றே அறிஞர்கள் அதை வாசிக்கிறார்கள். வனைந்தவரின் பெயர் ஓட்டில் ஏறுவது அபூர்வம்.

அதனால்தான் மண்ணைத் தொட்டவரின் பெயர் ஊரறிய ஒலித்த தருணங்களை விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெண்ணிக்குயத்தியாரிடமிருந்து தொடங்கலாம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்றைய கோயில்வெண்ணிதான் அந்த வெண்ணி. அங்கே நடந்த போரில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்டான் சேரன். வென்றவனைப் பார்த்தே, 'உன்னைவிட அவன் நல்லவன்' என்ற பொருள்படப் பாடினார் இந்தக் குயவர் குலத்துப் பெண்புலவர். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. இயற்பெயர் தெரியாமல் போனாலும், ஊரும் தொழிலும் சேர்ந்தே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டன. அதே தொகுப்பில், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டு, இறந்தவரை அடக்கும் தாழி வனையும் குயவரை நோக்கிப் பேசுகிறது. இவ்வளவு பெரிய அரசனுக்கு ஏற்ற தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று அந்தக் கைகளுக்காகக் கவலைப்படுகிறார் புலவர்.

அதற்குப் பிறகு இலக்கியத்தில் நீண்ட மௌனம். பெரியபுராணத்தில் வரும் குயவரான திருநீலகண்ட நாயனார் போல ஒருசிலர்தான் விதிவிலக்கு.

இந்தக் காலத்துக்கு வந்தால், மனம் நிறைய வைத்த செய்தி மானாமதுரையிலிருந்து வந்தது. சங்கீத நாடக அகாதமியின் 2013ஆம் ஆண்டுக்கான விருதுப் பட்டியலில் மீனாட்சி கேசவன் என்ற பெயர் இருந்தது. கச்சேரியில் ஒலிக்கும் மண்பானையான கடத்தை வாசிப்பவர் அல்ல, செய்பவர். குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜியிடமிருந்து அவர் விருது பெற்றார்.

அந்த விருதின் அருமை தெரிய வேண்டுமானால் கடம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து, மணல் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். ஆண்கள் சக்கரத்தில் வனைந்து இறக்கிய கடம் சற்று வற்றியதும், பெண்களின் வேலை தொடங்குகிறது. உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே மறு கையால் பலகை கொண்டு தட்டுகிறார்கள். சமையல் பானைக்கும் இந்தத் தட்டு உண்டு. ஆனால் கடத்துக்கு அது ஆயிரக்கணக்கில் போகும். சுவரின் கனம் எங்கும் சீராக வர வேண்டும், இல்லையென்றால் நாதம் பிசகிவிடும்.

மிருதங்கத்தின் வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கலாம். கடத்துக்கு அந்த வழி இல்லை. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும், அதற்கேற்பச் சுருதியும் மாறும். வித்வான் கேட்ட கட்டைக்கு, சூளைக்குப் போகுமுன்னே ஈரமண்ணில் கணக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு மீனாட்சி கேசவனின் கையில் இருந்தது. 1992இல் உலக இசைக்கென முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி, கட வித்வான் விக்கு விநாயக்ராமும் வாசித்த 'பிளானட் டிரம்' தொகுப்புக்குக் கிடைத்தது. கடம் உலகுக்கு அறிமுகமாகியும், அதைச் செய்கிறவரின் பெயர் விருதுப் பட்டியலில் ஏற இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். சக்கரமே இல்லாமல் கையால் பானை வனையும் மணிப்பூரின் நீலமணி தேவி 2007இலேயே அதைப் பெற்றுவிட்டார். ஒரு சூளைக்காரரின் வெற்றியை முழுதாக உணரக்கூடியவர் இன்னொரு சூளைக்காரர்தான். ஒரு கலம் முழுசாக வெளியே வருவதற்குள் எத்தனை வெடித்துப் போயிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

திருச்சி மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரான் டு பாய்ஸ், 1980களின் தொடக்கத்தில் துவரங்குறிச்சியின் குயவர்களான வேளார்கள் பிரம்மாண்டமான மண்குதிரை எழுப்புவதைப் படமாக்கினார். இத்தகைய குதிரைகளுக்கு மண்ணோடு மணலும் உமியும் சேரும். முதலில் நான்கு கால்களும் தூண்களாக எழும், மேலே உடல் வளரும். நகர்த்த முடியாத அளவு என்பதால் குதிரை நிற்கும் இடத்திலேயே அதைச் சுற்றிச் சூளை மூட்டுவார்கள். மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்புக்கு, ஊரார் முதலில் வேளாரிடம் பிடிமண் (ஒரு பிடி மண்) கொடுக்க வேண்டும். அந்த மரியாதை நடக்காமல் வேலை தொடங்காது. பரிசும் பட்டமும் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே ஊர் தந்த அங்கீகாரம் அது.

தை விசாகத்தில் திருநீலகண்ட நாயனார் குருபூசை. குயவர்களின் குலாலர் சங்கங்கள் பல ஊர்களில் அதைச் சிறப்பாக நடத்துகின்றன. அந்த மேடையில் மீனாட்சி கேசவனையும் முனுசாமியையும் பெயர் சொல்லி வாழ்த்தலாம், உள்ளூரில் நல்ல சூளை வைக்கும் கைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சபாக்களும் அழைப்பிதழில் கடம் வாசிப்பவரின் பெயருக்குக் கீழே, செய்தவர் பெயருக்கென ஒரு வரி ஒதுக்கலாம். வருகிற மார்கழிக் கச்சேரிகளிலேயே தொடங்கலாம்.

(தொடரும்)