கூதிர்க்காலமும் பழைய லாரியும்

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மேனாட்டார்க்குக் குளிர்காலம் என்பது பனிக்கட்டி உறைந்த சாலை. நம் கொங்கு நாட்டார்க்கோ அது மழையும் வாடையும் சேறுமேயாம். தாராபுரம் இயல்பில் வறண்ட நிலம். அதற்குக் கிடைக்கும் மழையிற் பெரும்பகுதியைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்றே. ஆகலின், பல திங்கள் புழுதியில் ஓடிப் பழகிய பழைய லாரியொன்று திடீரென நீரில் ஓட நேர்கின்றது. அந்நாள் வருமுன் அதனை எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

திருப்பூரினின்று தெற்கே செல்லும் வண்டிகள் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி சேர்கின்றன. மீளும்போது உப்பேற்றி வருதலும் உண்டு. பருத்தியிற் சாயம் நன்கு பற்றுதற்கு உப்பு வேண்டுமாதலின், பின்னலாடைத் தொழிலுக்கும் உப்பளத்திற்கும் நெருங்கிய தொடர்புண்டு. குளிர்நாடுகளிற் பனிக்கட்டியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவர்; அவ்வுப்பே அவர்தம் வண்டிகளின் இரும்பை அரிக்கும். நம்மவரோ உப்பைச் சுமையாகவே ஏற்றுகின்றனர். நாடு வேறு, பகை ஒன்றே.

துரு என்பது யாது? இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடுமிடத்துத் தோன்றுவது துரு. உப்புக் கலந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துமாதலின் இவ்வினை விரைவுறும். துரு தான் பிறந்த இரும்பினும் மிகுந்த இடத்தைக் கொள்வது. ஆகவே மேற்பூச்சை உப்பச் செய்து பிளந்து, புதிய நீருக்கு வழி திறந்துவிடும். செம்பிற் களிம்பு உள்ளே பரவாது காக்கும். இரும்பின் துருவோ உதிர்ந்து உதிர்ந்து உள்ளே செல்லும்.

ஆயுத பூஜை மழைக்குச் சற்று முன்னர் வருவது. அந்நாளில் லாரியைக் கழுவி, வண்ணந் தீட்டி, சந்தனமும் மாலையும் இட்டு அழகு செய்வர். சில ஆண்டுகளுக்கு முன், பட்டறையொன்றில் அங்ஙனம் புத்தொளி வீசி நின்ற ஒரு லாரியைக் கண்டோம். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்த வண்டி. உரிமையாளர்க்கு நிலமும் புலமும் அதுவே. பட்டறைத் தொழிலாளி அடியிற் படுத்து, சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்திற் கணீரென்ற ஓசை மாறி மந்தமாயிற்று. மறுமுறை தட்டவே சுத்தியல் உள்ளே இறங்கிற்று. "பெயிண்ட்தானுங்கண்ணா நிக்குது, இரும்பு இல்லீங்க" என்றார் அவர். உரிமையாளர் நெடுநேரம் பேசவில்லை.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு: பூச்சு துருவை மறைக்கும், மாற்றாது. ஆதலின் முதற்கண் அடிச்சட்டத்தையும் குறுக்குச் சட்டங்களையும் ஸ்பிரிங் பட்டைகள் பொருந்துமிடங்களையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். மேற்றுருவாயின், கம்பித் தூரிகையாற் பளபளப்பான இரும்பு தோன்றும்வரை தேய்த்து, நன்னீராற் கழுவி, முற்றும் உலர்த்தி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் இடுக. உப்பு எஞ்சியிருக்கப் பூசினால் உள்ளிருந்தே மீண்டும் அரிக்கும். சட்டத்தில் விரிசலோ ஓட்டையோ காணின், அது தேர்ந்தவர் கைக்குரியது. அரைகுறைப் பற்றவைப்பு சட்டத்தை வலுவிழக்கச் செய்யும். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைத் தூர்ந்து போகாமற் காத்தலும் வேண்டும். கழித்த எண்ணெயை அடியெங்கும் பூசுவாரும் உளர். அது ரப்பர்ப் பகுதிகளைக் கெடுப்பதோடு, பிரேக்கிற் பட்டால் பிடிப்பையும் அழிக்கும். உப்பேற்றி வந்த வண்டியின் அடிப்பகுதியை அன்றே நன்னீராற் கழுவுதல் யாவற்றினும் எளிய மருந்து.

இனிச் சக்கரங்களைக் குறித்துக் கூறுவாம். வீல் நட்டினின்று துருக்கோடு வழிந்திருப்பின் அந்நட்டு தளர்ந்துள்ளது என ஐயுறுக. சக்கரமும் அதனைத் தாங்கும் முகப்பும் பொருந்துமிடத்தில் துருவோ தடித்த பூச்சோ இருத்தலாகாது. இருப்பின், அது நசுங்க நசுங்க நட்டின் இறுக்கம் குறையும். நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, வண்டி செய்தோர் குறித்த அளவிற்கு இறுக்குக. சக்கரம் கழற்றி மாட்டிய பின், 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குதல் இன்றியமையாதது.

டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரினும் குறைதலாகாது. மழைச் சாலையில் நீரை வெளித்தள்ளுவது அப்பள்ளமே. பின்புறத்து இரட்டைச் சக்கரங்கள் இரண்டும் ஒரே உயரமுடையனவாய் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்றே சுமையனைத்தையும் தாங்கும். காற்றின் அளவை வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையிற் பார்க்க.

பழைய லாரிகளின் ரிம்மில் டயரைப் பிடித்து நிற்பது லாக் ரிங் என்னும் வளையம். துருவேறினால் அது தன் பள்ளத்திற் சரியாக அமராது. காற்றடிக்கும்போது அவ்வளையம் தெறித்து ஆளைக் கொல்லவும் கூடும். கழற்றுமுன் காற்றை முற்றும் இறக்குக. துருவரித்த வளையத்தை விலக்குக. இரும்புக் கூண்டினுள் வைத்தே காற்றடிக்க. அவ்வேளை எவரும் அதன் நேரெதிரே நில்லற்க. இப்பணி பெரும்பாலும் இளஞ்சிறுவர் கையில் விடப்படுவதால் இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம்.

காற்றுப் பிரேக்குள்ள வண்டியிற் காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரை நாடோறும் வடித்துவிடுக. நீரிற் சென்று வந்த பிரேக் டிரம்மில் பிடிப்புக் குறையும். ஆளில்லாச் சாலையில் மெல்ல ஓட்டி, இலேசாக மிதித்து உலர்த்துக. அமராவதியில் வெள்ளம் வரும் நாளில், தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடக் காணின் நின்று விடுதலே அறிவு. ஓடும் நீர் சுமைவண்டியையும் புரட்ட வல்லது.

எட்டாண்டுகள் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும் என்பது சட்டம். அச்சான்று ஒரு நாளின் நிலையைக் காட்டும்; மழையோ இரு திங்கள் நீடிக்கும்.

நாம் கண்ட உரிமையாளர் அவ்வாண்டு தீபாவளிச் செலவைச் சுருக்கிச் சட்டத்தைச் செப்பனிட்டார். ஐப்பசி முழுதும் வண்டி பட்டறையிலேயே நின்றது. வருவாய் இழப்பும் சிறிதன்று. கார்த்திகையில் அது சாலையேறிற்று. ஓட்டுநர் இருக்கையில் அவர் மகன் அமர்ந்திருந்தான். அவர் செலவிட்டது யார்பொருட்டு என்பதை அப்போது உணர்ந்தோம்.