பழியும் கழுவாயும்

வஞ்சிக்கப்பட்டவனின் துயரைக் கூறும் கதைகள் பல. வஞ்சித்தவனின் நெஞ்சு பின்னர் படும் பாட்டைக் கூறுவன சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, காபூலிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மருத்துவர் காலித் ஹுசைனி 2003ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல். 'பட்ட விரட்டி' என்னும் பெயரால் அது தமிழிலும் வந்துள்ளது. மன்னார்க் கரையில் வாழும் நமக்கு அஃது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை.

செல்வரின் மகன் அமீர். அவ்வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசன். இவன் இழிவாக நடத்தப்பட்ட ஹசாரா இனத்தவன். இருவரும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். 1975ஆம் ஆண்டின் பட்டப் போட்டியில் அமீர் வெல்கின்றான். அறுந்து வீழ்ந்த பட்டத்தை நண்பனுக்காகத் தேடி ஓடிய ஹசனைத் தீயோர் சிலர் சந்தொன்றில் மடக்கிப் பெருங்கொடுமை புரிகின்றனர். மறைந்து நின்று கண்ட அமீர், அஞ்சி ஓடிவிடுகின்றான்.

அஃது அச்சத்தால் நேர்ந்த பிழை. அடுத்துச் செய்ததோ அறிந்தே செய்த பாவம். ஹசனைக் காணுந்தோறும் தன் கோழைமை நினைவுக்கு வருதலின், தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் அவன் படுக்கையின்கீழ் ஒளித்து வைத்துத் திருட்டுப் பழி சுமத்துகின்றான். ஹசனோ செய்யாத களவை ஒப்புக்கொண்டு, தந்தையோடு வெளியேறுகின்றான். குற்றம் புரிந்தவன் தன் குற்றத்தின் சாட்சியையே வெறுக்கின்றான் என்பது எத்துணைக் கசப்பான உண்மை!

பின்னர்ப் போர் வருகின்றது. அமீரும் வீடிழந்து அகதியாகின்றான். ஆயினும் தான் பட்ட துன்பம் தான் செய்த தீங்கைக் கழுவவில்லை. இவ்விடத்திலேதான் நூல் நம்மைத் தீண்டுகின்றது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் வீடும் தோணியும் வயலும் விட்டுப் புத்தளத்தையும் கற்பிட்டியையும் அடைந்தனர். வடக்கு முழுவதிலும் அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். துப்பாக்கியின்முன் அயலவர் வாயடைத்து நின்றதைக் கட்டளையிட்டவரின் குற்றத்தோடு ஒன்றாக எண்ணுதல் நீதியன்று. ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் தொடரும் மௌனத்துக்கு யாது பெயர் இடுவது?

'நாமும் அவ்வாண்டில் மடுவுக்கும் மண்டபம் முகாமுக்கும் ஓடினோமே' என்பார் உளர். உண்மைதான். எனினும் ஒரு துன்பம் மற்றொரு துன்பத்தின் கணக்கைத் தீர்ப்பதில்லை.

2002ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற பத்திரிகையாளர் கூட்டத்தில், அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றம் தவறென ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளுதல் முதற்படி, அதுவே முடிவன்று. பழிக்குச் செய்யும் பரிகாரத்தைப் பண்டைத் தமிழர் 'கழுவாய்' என்றனர். அது சொல்லன்று, செயல்.

அமீருக்கும் அவ்வாறே. அவன் மன்னிப்புக் கேட்க விழையுங்கால் ஹசன் உயிரோடு இல்லை, தாலிபான்கள் கொன்றுவிட்டனர். எஞ்சியிருப்பவன் அநாதைச் சிறுவன் சொராப் மட்டுமே. உயிரைப் பணயம் வைத்து அமீர் அவனை மீட்கின்றான். அப்போதும் சிறுவன் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. நெடுநாளின் பின், பட்டம் விடும்போது இதழோரத்தில் சிறு முறுவல் அரும்புகின்றது. அவனுக்காக அறுந்த பட்டத்தைத் தேடி இம்முறை ஓடுபவன் அமீர். பழைய நட்பு மீளவில்லை, இறந்தவன் எழவில்லை. கழுவாயின் பயன் அவ்வளவே. ஆயினும் அது சிறிதன்று.

1990இல் சென்ற முதியோர் பலர் புத்தள மண்ணிலேயே மறைந்தனர். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியோரின் பிள்ளைகள் இன்று இத்தீவில் வாழ்கின்றனர். அவர்களைப் புதிதாய் வந்தவர் என்னாது, இம்மண்ணுக்கு உரியவர் என ஏற்றல் நம் கடன். காடு மூடிய காணியின் பழைய எல்லையை அறிந்தவர் உண்மை சொல்லுதலும் கழுவாயே. மாணவர்காள், உங்கள் பாட்டன்மாரிடம் கேளுங்கள்: 1990க்கு முன்னர் அயல் வீட்டில் வாழ்ந்தவர் யார்? அவர் பெயரை நினைவிற் கொள்ளுதலே தொடக்கம்.