தேளின் கொடுக்கில் மருந்தா?

அம்பத்தூர்ப் பக்கம் வீடு கட்டச் செங்கல் அடுக்கி வைத்தவர்களுக்குத் தேள் புதியதன்று. கல்லைப் புரட்டியதும் அது கொடுக்கைத் தூக்கும். நாம் செருப்பைத் தேடுவோம். அந்தக் கொடுக்கின் நஞ்சிலே நோய்க்கிருமிகளைக் கொல்லும் பொருளும் உண்டென்றால் வியப்பன்றோ?

2000-ஆம் ஆண்டில் மெக்சிகோ அறிஞர்கள் தங்கள் நாட்டுத் தேள் ஒன்றின் நஞ்சிலிருந்து 'ஹாட்ரூரின்' என்னும் பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. இதிலே 41 அமினோ அமிலங்கள் கோவையாக உள்ளன. டைபாய்டு கிருமியையும், நுரையீரலைத் தாக்கும் கிளெப்சியெல்லாக் கிருமியையும் இது சோதனைக்கூடத்தில் அடக்கிற்று. நாம் உண்ணும் மருந்துகள் பல, கிருமியின் உள்வேலையைத் தடுப்பவை. இத்தகைய பெப்டைடுகளோ அதைப் போர்த்தியுள்ள மென்சவ்வையே பிளக்கின்றன. பழகித் தப்பிப்பது கிருமிக்கு அத்துணை எளிதன்று.

மெக்சிகோத் தேளால் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. தலைசிறந்த மருந்துகளுக்கும் அடங்காத என்.டி.எம்.-1 வகைக் கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் காணப்பட்டதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவற்றுள் கிளெப்சியெல்லாவும் உண்டு. மருத்துவரைக் காணாமலே 'இருமலுக்கு இரண்டு மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கும் நம் வழக்கம் இக்கிருமிகளுக்கு உரம்.

ஆயினும் ஹாட்ரூரின் இன்னும் மருந்தாகவில்லை. நம் இரத்தச் சிவப்பணுக்களையும் அது உடைத்துவிடுகிறது. கிருமியை மட்டும் கொல்லுமாறு அதைத் திருத்துவதே பெரும்பாடு. ஆதலால் தேள் எண்ணெய் விற்பவர் பேச்சை நம்ப வேண்டா. செந்தேள் கொட்டிய குழந்தையைக் காப்பவை பிராசோசின் மாத்திரையும் எதிர்நஞ்சு ஊசியும். அவற்றை மருத்துவமனையில்தான் கொடுப்பார்கள்.