தீக்குச்சியும் 16 பைட்டும்

அலமாரிச் சாவியை அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை உங்கள் வீட்டில் நடந்திருக்கிறதா? எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது. கணினிக்கு இது தினமும் நடக்கிறது.

எப்படி என்கிறீர்களா? விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்கிக்கொண்டிருக்கும். கணினி வேலை செய்ய வேண்டுமானால் அதை எடுத்து ராம் நினைவகத்தில் வைக்க வேண்டும். டிஸ்கிலிருந்து எடுத்து வைப்பதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் எங்கே இருக்கிறது? அதுவும் இயங்குதளத்தோடு டிஸ்கில்தான்! ராமில் தேடலாமென்றால், மின்சாரம் போனதும் ராமுக்கு எல்லாம் மறந்துவிடும்.

பழைய பெரிய காலணிகளின் பின்பக்கம் ஒரு வார் இருக்கும். அதைப் பிடித்துத் தன்னைத் தானே அந்தரத்தில் தூக்கிக்கொள்வது நடக்காத காரியம் அல்லவா? கணினி செய்வது அப்படியொரு வேலைதான் என்று வைத்த ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற பெயர்தான் சுருங்கி ‘பூட்’ ஆனது. நம் பூட்டுக்கும் சாவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நடக்காத காரியத்தைக் கணினி எப்படி நடத்துகிறது? விறகடுப்பு பற்றவைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய கட்டையில் நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது. குச்சியிலிருந்து காய்ந்த ஓலை, ஓலையிலிருந்து சுள்ளி, சுள்ளியிலிருந்து கட்டை. கணினியிலும் இதே வரிசைதான்.

முதலில் தீக்குச்சி. பொத்தானை அழுத்தியதும் செயலி உடனே ஓடத் தொடங்கிவிடாது. மின்னழுத்தம் நிலைப்படும்வரை அதைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். விட்டதும் அது எதையும் யோசிக்காமல் ஒரே ஒரு முகவரிக்குப் போகும். அந்த முகவரி, செயலியைச் செய்யும்போதே அதற்குள் பதிக்கப்பட்டது. நம் மேசைக் கணினிகளில் உள்ள இன்டெல் வகைச் செயலிகளுக்கு அது 429,49,67,280ஆவது இடம். ஏன் இப்படியொரு விசித்திர எண்? 2-ஐ 32 முறை பெருக்கினால் 429,49,67,296 வரும். அதில் 16 குறைவு. அதாவது தெருக்கோடியில் கடைசி வீடு, அதிலும் மிச்சம் 16 பைட் இடம்தான். அவ்வளவு சின்ன இடத்தில் என்ன எழுத முடியும்? ‘வேறு இடத்துக்குப் போ’ என்று ஒரு கட்டளை எழுதலாம். அங்கே எழுதியிருப்பதும் அதுதான்!

அது போகச் சொல்லும் இடம், மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சிப்பு. அதிலிருக்கும் நிரலுக்கு முன்பு பயாஸ் என்று பெயர். இப்போது வரும் கணினிகளில் யூஈஎஃப்ஐ. இதுதான் ஓலை. ராம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று சோதிப்பது இதன் வேலை. பழைய கணினிகள் தொடங்கும்போது ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். ‘எல்லாம் சரி’ என்று பயாஸ் சொல்வது அது.

அடுத்தது சுள்ளி. பயாஸ் காலத்தில் டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து ராமில் வைப்பார்கள். அதில் நிரலுக்கு ஒதுக்கிய இடம் 446 பைட். இது எவ்வளவு சிறியது தெரியுமா? ‘அம்மா’ என்று இன்றைய யூனிகோடு முறையில் சேமிக்கவே 15 பைட் வேண்டும். 446 பைட்டில் அம்மாவை 29 முறைதான் எழுதலாம். அந்த இடத்துக்குள் ஒரு நிரலை மடித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். கடைசி இரண்டு பைட்டில் 85, 170 என்ற எண்கள் இருக்க வேண்டும். இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்: 01010101, 10101010. ஒன்றைப் புரட்டினால் மற்றது! இந்த முத்திரை இல்லையென்றால் ‘இதில் தீப்பற்றாது’ என்று பயாஸ் விட்டுவிடும்.

அந்தச் சின்ன நிரல் கொஞ்சம் பெரிய நிரலை எழுப்பும். அது இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னலை எழுப்பும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த மடிக்கணினிகள் சிலவற்றைத் திறந்தால் ‘விண்டோஸா, பாஸ் லினக்ஸா?’ என்று கேட்கும். கேட்பது சுள்ளிதான். கட்டை இன்னும் பற்றவில்லை.

இந்த மறக்காத சிப்பு இல்லாத கணினியும் இருந்தது. 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இல் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. முன்பக்கம் வரிசையாக ஸ்விட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டும். முதல் நிரலை மேலே கீழே, மேலே மேலே என்று ஒவ்வொரு பைட்டாக ஸ்விட்சைத் தட்டித்தான் ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து! அந்தக் கணினிக்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் என்ற மொழியை இயக்கும் நிரலை எழுதினார்கள். அதைக் காட்டிவர ஆலன் அல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். விமானம் இறங்கும் நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது: கட்டை இருக்கிறது, தீக்குச்சி இல்லை! முதல் நிரலை எழுதவே இல்லை. இருக்கையில் உட்கார்ந்தபடி காகிதத்தில் எழுதி முடித்தார். மறுநாள் தட்டிப் பார்த்தார்கள், வேலை செய்தது.

சரி, ரீஸ்டார்ட் செய்தால் கோளாறு ஏன் போய்விடுகிறது? எதைச் சொன்னாலும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்கிறார் எங்கள் தெரு கணினிக் கடைக்காரர். கோபமாக வரும். செய்து பார்த்தால் சரியாகிவிடும், இன்னும் கோபமாக வரும்.

உங்கள் வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு மூலையில் எழுதி, கட்டம் கட்டி, ‘அழிக்காதே’ என்று போட்டுவிட்டுப் போகிறார். கடைசிப் பாடவேளைக்கு எழுத இடமே இல்லை. நிரல்களும் இப்படித்தான். ராமில் இடம் கேட்டு வாங்கும், சில வேளை திருப்பிக் கொடுக்க மறந்துவிடும். ரீஸ்டார்ட் என்பது ஈரத்துணியால் பலகை முழுவதையும் ஒரே இழுப்பாகத் துடைப்பது.

எண்ணிக்கையும் நிரம்பி வழியும். விண்டோஸ் 95 தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணுவதற்கு 32 பிட் இடம். அதாவது 429,49,67,296 வரைதான். அதே எண் மறுபடி வந்துவிட்டது பார்த்தீர்களா! அத்தனை மில்லி நொடி என்பது 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 நொடி. அதன்பின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும், கணினி உறைந்துபோகலாம். இது வெளியே தெரியவே மூன்று ஆண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் வேறு ஏதாவது காரணத்தால் எல்லோரும் ரீஸ்டார்ட் செய்துவிட்டார்கள் போலும்!

ஆனால் பலகையைத் துடைத்தால் நோய் போகாது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

என்ன நடந்தது? ஒரே மேசை, மூன்று பிள்ளைகள். அக்கா வந்தால் மற்ற இருவரும் எழுந்துவிட வேண்டும். நடுவில் உள்ளவன் வந்தால் கடைக்குட்டி எழ வேண்டும். கடைக்குட்டி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கிறான். முடித்தால்தான் பாக்ஸைத் தருவான். நடுவில் உள்ளவன் வந்து அவனை எழுப்பிவிட்டு நிதானமாக உட்கார்ந்துகொள்கிறான். அக்காவுக்குப் பாக்ஸ் வேண்டும். ஆனால் கடைக்குட்டிக்கு மேசை கிடைத்தால்தானே பாக்ஸ் கிடைக்கும்? பாத்ஃபைண்டரில் கடைக்குட்டி, வானிலைத் தகவல் சேகரிக்கும் நிரல். அக்கா, தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் முக்கிய நிரல். அக்காவின் வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று தெரிந்ததும், ‘ஏதோ தப்பு’ என்று கணினி தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது.

பூமியில் அதே மாதிரி இன்னொரு கணினி இருந்தது. அதில் கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்த்தார்கள் பொறியாளர்கள். தீர்வு எளிது: அக்கா காத்திருக்கும் பொருளைக் கையில் வைத்திருப்பவன், அதைத் திருப்பித் தரும்வரை அக்காவுக்குச் சமம். அவனை யாரும் எழுப்பக் கூடாது. இந்தத் திருத்தத்தை வானொலி அலையில் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ஒளியின் வேகத்தில் போயும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் தூரம்! அதன்பின் அந்தக் கோளாறு வரவில்லை.

இப்போது நீங்கள் செய்ய ஒரு சோதனை. ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதானே? விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரும்பாலும் ஒன்றல்ல. சீக்கிரம் விழிப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது கெர்னல் தன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். பலகையில் பாதி அழியாமலே இருக்கும். ரீஸ்டார்ட்தான் முழுவதையும் துடைக்கும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூ-வைச் சொடுக்குங்கள். ‘அப் டைம்’ என்று ஓர் எண் ஓடும். ஷட் டவுன் செய்து ஆன் செய்தபின் ஒரு முறை, ரீஸ்டார்ட் செய்தபின் ஒரு முறை அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அணைத்து வைக்கும் கணினி முதல் முறை எத்தனை நாள் காட்டுகிறது?