பஸ் காசும் மாத்திரையும்

நாமக்கல்லில் லாரி நிற்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, முட்டை ஏற்றக் காத்திருக்கும் வண்டி, எரிவாயு டேங்கர். திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். ஊருக்குச் சோறு போட்ட அதே சாலை எச்.ஐ.வி.யையும் கொண்டுவந்து இறக்கியது. 2007-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது, பாதிப்பின் அளவைப் பார்த்து மாவட்டங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று என்றால் 'ஏ'. சேலம், நாமக்கல் இரண்டுமே அந்த வரிசையில் வந்தன.

நோய் லாரியோடு நின்றுவிடவில்லை, வீட்டுக்குள்ளும் வந்தது. 1998-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காக பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பு உருவாக முன்னின்ற பி. கௌசல்யா நாமக்கல் பகுதிக்காரர்தான்.

அப்போது மருந்து எட்டாக்கனி. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இன்று சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் நாமக்கல்லிலும் ஏ.ஆர்.டி. மையங்கள் உண்டு. 2017-லிருந்து, தொற்று உறுதியானதுமே மாத்திரை என்பது விதி. தினமும் தவறாமல் விழுங்கினால் இரத்தத்தில் கிருமி பரிசோதனையில் சிக்காத அளவுக்கு அடங்கும். அப்படி அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதும் இல்லை.

பிறகு ஏன் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

மாத்திரை இலவசம், மாத்திரை இருக்கிற இடத்துக்குப் போய்வருவது இலவசம் இல்லை. லாரி ஓட்டுநருக்கு நடைக்குத்தான் கூலி. மையத்தில் தேதி கொடுத்த அன்று அவர் நாக்பூரில் லோடுக்குக் காத்துக் கிடக்கலாம். பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளிக்கு ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி போச்சு. கொல்லிமலையிலிருந்து இறங்கி வருபவருக்கு அரை நாள் பஸ்ஸிலேயே கழியும். இதற்கு மேல், வரிசையில் நிற்கும்போது சொந்த ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. பஸ் காசைக் கணக்குப் பார்க்கலாம், பயத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பணத்தையே கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அதை நடத்தியது. போதை மருந்துப் பழக்கமும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு, அரசு மையத்தில் மருந்து தொடங்கினால், மாதாமாதம் போனால், கிருமி அடங்கினால் கூப்பன். மீதிப் பேருக்குச் சிகிச்சையோடு சம்பந்தமில்லாத குலுக்கல் பரிசு.

முடிவு 2014-ல் வெளியானது. கூப்பன் பெற்றவர்களில் நூற்றுக்கு 45 பேர் மருந்து தொடங்கினார்கள், மற்றவர்களில் 27. மையத்துக்குப் போன தடவைகளின் நடுமதிப்பு 8, மற்றவர்களுக்கு மூன்றரை. ஆனால் இரத்தத்தில் கிருமி அடங்கியதில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கூப்பன் ஆளை வாசல்வரை கூட்டிவந்தது. இரவு எட்டு மணிக்கு டம்ளரில் தண்ணீர் எடுத்து மாத்திரையை வாயில் போடவைக்க அதனால் முடியவில்லை.

தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் கதை வேறு. புதிதாக மருந்து தொடங்கியவர்களுக்கு, மாதந்தோறும் மையத்துக்கு வந்தால் 10,000 ஷில்லிங் (சுமார் நாலரை டாலர்) அல்லது 22,500 ஷில்லிங் என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். பணம் வாங்காதவர்களில் 73 சதவீதம் பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. சிறிய தொகை பெற்றவர்களில் 83, பெரிய தொகை பெற்றவர்களில் 86. தொகையை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியும் கிடைத்தது மூன்று புள்ளிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். வழிச்செலவுக்கு ஈடுகட்டும் சிறு பணமே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது போலும்.

'நோய்க்கு மருந்தும் கொடுத்து காசும் கொடுப்பதா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை வரவழைக்கச் சோறு போட்ட மாநிலம் இது. தவறாமல் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தவணை தவணையாகப் பணம் தருகிறோம். காசநோயாளிகளின் சத்துணவுக்கு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்குக்குப் போனது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. எச்.ஐ.வி.க்கு மட்டும் என்ன தனி நியாயம்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எச்.ஐ.வி.க்கென்று பெயர் ஒட்டிய பணம் பாஸ்புக்கில் விழுந்தால் அதைப் படிப்பவர் எல்லாருக்கும் சேதி தெரிந்துவிடும். ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. பாஸ்புக்கை எட்டிப் பார்க்கும் மைத்துனரை எந்தச் சட்டம் தடுக்கும்? அந்த வகையில், 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைக்கும் இலவசப் பயணம் யாரும் திட்டமிடாத ஓர் உதவி. எதற்காகப் போகிறாய் என்று நடத்துநர் கேட்பதில்லை. லாரி ஓட்டுநர் குடும்பத்து விதவைக்கு அது மாதாந்தரக் கூப்பன்தான், பெயர் ஒட்டாத கூப்பன். ஊருக்கு அருகிலேயே மருந்து தரும் இணைப்பு மையங்களும், உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் அதே ரகம்: கையில் காசு கொடுக்காமலே செலவைக் குறைப்பவை. நீண்ட தூரம் லாரி ஓட்டுபவருக்கு ரொக்கத்தைவிட இப்படிச் சேர்த்துத் தரும் மருந்தே பெரிது.

மருந்தை நடுவில் விட்டவர்கள், 'இத்தனை நாள் எங்கே போனாய்' என்று திட்டுவார்களோ என்ற கூச்சத்தில் திரும்பிப் போகத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். சிகிச்சையை மறுபடி தொடங்கலாம். அருகில் உள்ள நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) கேளுங்கள், அல்லது எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.